உலர்ந்த கை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"படிக்கும்போதே புராஜெக்ட் மேனேஜ்மென்ட் கற்றுக் கொள்வது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். எனக்கு முப்பதைத் தாண்டி ஓரிரு வருடம்தான் ஆகிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் கட்டி முடித்த ஆலைகளில் இன்று நான் நட்டு போல்ட்டு மாற்றிக் கொண்டிருக்கிறேன். அவர்கள் முன் பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தவறு இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

ஏழாவது செமஸ்டரில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர். பெர்ட், சி.பி.எம். எல்லாம் அதில்தான் வரும். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கி ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கியது பெர்ட். ஏறக்குறைய அதே சமயம் டூபாண்ட் கம்பெனியில் பிறந்தது சி.பி.எம். வட்டம் போட்டு, அம்பு போட்டு, கிரிட்டிகல் பாதையைச் சிவப்பு மையில் காட்டினேன். நல்ல மார்க். ரிசல்ட் வந்த சூட்டோடு எண்ணூர்க் கரையில் அதே கணக்கு என் கண் முன்னால் நின்றது. எனக்கு அடையாளமே தெரியவில்லை!

2017 ஜனவரி 28, சனிக்கிழமை அதிகாலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கொட்டிய கனரக எரிபொருள் எண்ணெய் தெற்கே நகர்ந்து எர்ணாவூர், ராமகிருஷ்ணா நகர் குப்பம் பக்கம் கரையோரக் கற்களுக்கிடையே வந்து தங்கியது. அந்த எண்ணெய் கடல்நீரோடு கலந்தால் அல்வா பதத்துக்கு இறுகும். குப்பையும் சேர்ந்தால் உறிஞ்சும் பம்ப் திணறும். கடைசியில் கை கொடுத்தது பிளாஸ்டிக் வாளிதான். கடலோரக் காவல் படை, தீயணைப்புத் துறை, மீனவர்கள், பல கல்லூரி மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அள்ளினார்கள்.

நம் கல்லூரியிலிருந்து 42 பேர் போனோம். வார்தா புயலில் விழுந்த மரத்தை வெட்டிய கை, மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்து வந்த உற்சாகம். கேட்க வேண்டுமா! 42 பேரும் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றோம். அள்ளினோம். பதினைந்து நிமிடத்தில் ஒரு பேரல் நிரம்பியது. அடுத்தது, அதற்கடுத்தது. எங்களிடம் இருந்ததே மூன்று பேரல். நிரம்பியதைக் கல்லுக்கு மேலே ஏற்றி, ரோட்டில் நிற்கும் லாரியில் கொட்டி, திரும்பக் கொண்டு வர நாற்பது நிமிடம். ஆகவே நிரம்பிய வாளியோடு நின்றோம். "இன்னும் ஆளைக் கூப்பிடு" என்று கல்லூரிக்கு போன் போட்டது யார் தெரியுமா? அடியேன்தான்.

குப்பத்துப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, எல்லாரும் தண்ணியாண்ட நின்னா மேல யாரு தூக்குறது? வாளிய ரொப்பாத, முக்கா போதும். ரொம்புனா வழியும், கல்லு வழுக்கும்" என்றார். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பாதிப் பேரை மேலே மாற்றினோம். நடந்து தூக்காமல் கைக்குக் கை மாற்றினோம். பேரலுக்குப் பதில் இரண்டு பேர் தூக்கக்கூடிய சின்னச் சின்ன கேன். அள்ளுபவர்கள் குறைந்தார்கள், லாரிக்குப் போன எண்ணெய் கூடியது. பரீட்சைத் தாளில் நான் சிவப்பு மையில் போட்ட கோடு, தண்ணீர் ஓரத்தில் இல்லை, அந்த ஏற்றத்தில் இருந்தது.

தவறு என்று சொன்னேனே, அது அன்று பிற்பகல் நடந்தது. இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன் கல்லில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக் கொண்டான். யாரோ தூக்கி ஆட்டோவில் ஏற்றி அனுப்பி விட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி? தெரியாது. கூடப் போனது யார்? தெரியாது. அவன் வீட்டு நம்பர் அவன் போனில் இருக்கிறது. போன் அவன் பேன்ட் பாக்கெட்டில். எங்கள் எல்லோர் கையிலும் முழங்கை வரை கருப்பு எண்ணெய். போனைத் தொட்டால் திரை வேலை செய்யாது, பேனாவைப் பிடித்தால் நழுவும். யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் என் மண்டைக்குள் மட்டும் இருந்தது. அதிலும் அவன் பெயர் இல்லை. இரண்டு மணி நேரம் தேடினோம். மாலை அவன் அம்மா வந்து என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "நீதானேப்பா கூட்டிட்டு வந்தே?" திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். பெயர், வீட்டு நம்பர், இறங்கிய நேரம், ஏறிய நேரம். நாற்பது நிமிடத்துக்கு மேல் யாரும் கீழே இருக்கக் கூடாது. அந்த வாடைக்குத் தலை சுற்றும். இந்த நோட்டைப் பிடிப்பவன் எண்ணெயைத் தொடக் கூடாது. நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் 'உலர்ந்த கை'. முதல் நாள் அது நானே. "நாங்க சாவுறோம், நீ நோட்டு வெச்சிக்கிட்டு சூப்பர்வைசர் மாதிரி நிக்கிறியா?" என்று என் பெஞ்ச் நண்பனே கேட்டான். கூச்சமாகத்தான் இருந்தது. பேப்பர்காரர்கள் எடுத்த போட்டோவிலும் நான் கிடையாது; கையில் கருப்பு இருந்தால்தானே எடுப்பார்கள்.

இன்று மணலி பக்கம் ஷட்டவுன் வேலை பார்க்கிறேன். ஒரு யூனிட்டை நிறுத்தினால், நாள் கணக்கில் திட்டமிட்டு மணிக்கணக்கில் முடிக்க வேண்டும். நல்ல சாஃப்ட்வேர் இருக்கிறது, பார் சார்ட் அழகாக வரும். ஆனாலும் வெஸலுக்குள் எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று வாசலில் ஒருவர் எழுதிக்கொண்டுதான் நிற்கிறார். புதிதாக வரும் டிரெய்னிகளை முதலில் அங்கேதான் நிறுத்துவேன். முகம் சுளிப்பார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், என்.எஸ்.எஸ். முகாம் எதுவானாலும் மேடையில் மைக் பிடிக்கப் பத்துப் பேர் வருகிறீர்கள். பந்தல்காரருக்கு அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி வைப்பவர் யார்? அந்த வேலையை ஒரு தடவை கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள்.

இன்னொன்று மனதை உறுத்துவது. ஐந்தாறு நாளில் நாங்கள் "முடிந்தது" என்று வீட்டுக்குப் போய்விட்டோம். குப்பத்து மக்களுக்கு முடியவில்லை. அதன்பின் பல வாரம் மீனை வாங்க ஆளில்லை. வேலை எப்போது முடிந்தது என்று யாரைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம். எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் பரவிய அதே வெள்ளம். மணலியில் தண்ணீர் சூழ்ந்த தெருக்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போக நம் மாணவர்கள் நின்றிருந்தார்கள். நானும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கப் போனேன். நோட்டோடு நின்ற ஒரு மாணவி மறித்தாள்.

"அண்ணா, பேரு, வீட்டு நம்பர் சொல்லிட்டு இறங்குங்க."

என் கார்டை நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இது உங்க நம்பர்ணா. இந்த போன் உங்க பாக்கெட்லதான இருக்கும்? வீட்ல இருக்கறவங்க நம்பர் சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டாள். பிறகுதான் இறங்க விட்டாள்.