மறுபடியும் தூரிகை பிடித்த கதை

(குடும்ப சங்கமக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பாய்லர் பற்றிப் பேசுவான்னு பார்த்தா பொம்மை பற்றிப் பேச வந்துட்டானே" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் மெஷின்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. ஆனால் ஹாஸ்டலில் என் அறைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், ஜன்னலோரம் எப்போதும் நாலு கொலு பொம்மை காய்ந்துகொண்டிருக்கும். வேலை, கல்யாணம் என்று ஆனபின் பன்னிரண்டு வருடம் தூரிகையைத் தொடவில்லை.

போன வருடத்துக்கு முந்தின புரட்டாசியில் என் மகள் கேட்டாள், "செட்டியார் தாத்தாவுக்கு ஏம்ப்பா மூக்கு வெளுத்திருக்கு?" அம்மா கல்யாணமான புதிதில் வாங்கிய பண்ருட்டி மண் பொம்மை அது. முகம் மங்கும்போதெல்லாம் புருவமும் மீசையும் அம்மாவே போஸ்டர் கலரில் தீட்டுவார். இப்போது அவருக்குக் கை நடுக்கம். "நான் பார்த்துக்கறேன்" என்று வீட்டுக் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த எனாமலை எடுத்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பளபளவென்று முடித்தேன்.

சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சும். அதுவும் நம் மலையில் மழை மாதத்தில் கேட்கவே வேண்டாம். மேலே எனாமல் மூடிவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. கார்த்திகைக்குள் செட்டியார் கன்னத்தில் கொப்புளம். விரலால் தொட்டேன். எனாமலோடு அம்மா போட்ட புருவமும் பெயர்ந்து வந்துவிட்டது. அம்மா பொம்மையைக் கையில் வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்து, "விடுடா, மண்ணுதானே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நம்மைப்போல் விட்டுப்போய்த் திரும்பி வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, பழைய கை அப்படியே இருக்கிறது என்று நம்புவது. கை இருக்காது. பழைய பொம்மையைத் தொடாமல், புதிதாய் நாலு மலிவான பொம்மை வாங்கிப் பழகுங்கள். முதலில் பொம்மை நன்றாகக் காய வேண்டும். (எங்கள் டிரையர் பக்கத்தில் இரண்டு நாள் வைத்தேன்; முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.) பிறகு வெள்ளைப் பூச்சு. அதன்மேல் அக்ரிலிக்கை மோர் போலக் கரைத்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. கண் கடைசியில்தான்.

தை, மாசிதான் நமக்குத் தோதான காலம். ஆனால் ஊட்டியில் உறைபனி விழும் காலமும் அதுவே. பத்து டிகிரிக்குக் கீழே போனால் அக்ரிலிக் சரியாகப் படலம் கட்டாது. ஆகவே பகலில் மட்டும் வேலை. மூடுபனி நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்கவே அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பொம்மை விபூதி பூசினாற்போல் வெளுத்துவிடும்.

இது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விளையாட்டுக்கு விதிகள் எழுதி 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமே போட்டார். வெளிநாட்டில் இன்றும் பெரியவர்கள் 28 மில்லிமீட்டர் வீரர்களுக்கு வண்ணம் தீட்டி மேஜைமேல் போர் நடத்துகிறார்கள். தண்ணீராய்க் கரைத்த பழுப்பு வண்ணத்தை மடிப்புகளில் ஓடவிட்டு, பின் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வெளிறாக்கும் உத்தி அவர்களுடையது. தேயிலை பறிக்கும் பெண்ணின் சேலை மடிப்புக்கு அதைவிடப் பொருத்தமானது நான் கண்டதில்லை.

கொலுப் பூங்காவில் மலை ரயில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி இன்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளும். பாதிப் பேர் முன்னால் மாட்டுகிறீர்கள்!

செட்டியாருக்குப் போன தையில் புது முகம் தீட்டினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இடது புருவம் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்டா, அவர் கணக்குப் பார்க்கிறார் இல்லே" என்று சொல்லச் சொல்லப் போட்டேன். பக்கத்தில் இருக்கும் செட்டியாரம்மாவின் முகம் அம்மா கை போட்டது. அதை நான் தொடவில்லை.

நாலு தேயிலைப் பெண்களை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். காப்பி இடைவேளையில் எடுத்துப் பார்க்கலாம். ஈரக்கை மட்டும் வேண்டாம்.