பள்ளிச் சிறார்க்குப் பழமுங் காய்கறியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கல்வியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாமோ பழத்தைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். பொருள் மாறிற்றென ஐயுற வேண்டா. இருபதாண்டுகளாக நடுநிலைப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்து வரும் எமக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன.

சென்ற ஆண்டு ஒரு நாள் மூன்றாம் வகுப்பில், முக்கனி யாவையென வினவினோம். "மா, பலா, வாழை" என ஒரே குரலில் விடை வந்தது. மகிழ்ந்தோம். பலாச்சுளை உண்டவர் கை உயர்த்துக என்றோம். முப்பத்திரண்டு சிறாருள் ஒன்பதின்மரே உயர்த்தினர். "ஐயா, சுளைக்குள்ளே கொட்டை இருக்குமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். யாம் நாணினோம். அக்குழந்தைக்குக் கனியின் பெயரைக் கற்பித்தோமேயன்றிக் கனியைக் காட்டினோமில்லை.

பசித்த பிள்ளைக்குச் சோறிடும் அறம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1920-ஆம் ஆண்டிலேயே பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை நகராண்மைக் கழகம் ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளிக்கத் துணிந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பகலுணவுத் திட்டம் பொதுமக்களின் நன்கொடையையும் துணையாகக் கொண்டு பரவிற்று. 1982-இல் ம. கோ. இராமச்சந்திரன் முதலமைச்சராயிருந்த காலத்துச் சத்துணவும், 2022-இல் காலையுணவும் வந்தன. இவற்றால் எத்துணையோ பிள்ளைகள் பள்ளியில் நிலைத்தனர்.

எனினும் ஒரு குறை எஞ்சி நிற்கின்றது. தொடக்கப் பள்ளிப் பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி என்பது மதிய உணவிற்கு நடுவணரசு வகுத்த அளவு. ஆறு முதல் ஒன்பது வயதுச் சிறார் பழமுங் காய்கறியுமாக நாளொன்றுக்கு 350 கிராமேனும் உண்ணுதல் வேண்டுமென 2023-இல் உலக சுகாதார நிறுவனம் கூறிற்று. எஞ்சிய 300 கிராம் வீட்டிலிருந்து வரவேண்டும். அன்றாடங் கூலிக்குச் செல்வார் வீட்டில் அஃது எங்ஙனம் வரும்?

"சாம்பாரில் காய் உளதே, அது போதாதோ?" என வினவுவாருமுளர். உயிர்ச்சத்து சி என்பது வேகவைக்குங்கால் பெரிதும் அழியும் இயல்பினது. சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதற்கு அதுவே துணை. இரும்புச்சத்துக் குறையின் சோகை வரும். சோகையுற்ற பிள்ளை விரைவில் சோர்ந்துபோம். அச்சோர்வைச் சோம்பலென்று கருதி யாமும் பலமுறை கடிந்ததுண்டு. இன்று நினைக்கினும் நெஞ்சு வருந்துகின்றது.

"கொடுத்தாலும் உண்ணமாட்டாரே!" என்பாருமுளர். கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல் காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குதலை யாமும் கண்டுள்ளோம். ஆயினும் எம் பள்ளித் தோட்டத்தில் தாமே நீரூற்றி வளர்த்த வெண்டைக்காயை அப்பிள்ளைகளே போட்டியிட்டு உண்டனர். சுவை பழக்கத்தால் வருவது. பழக்கம் இளமையில் வருவது.

பிற நாட்டாரும் இதனை உணர்ந்தனர். நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள அரசுப் பள்ளிச் சிறார்க்குப் பள்ளி நாள்தோறும் ஒரு பழமோ காயோ இலவசமாக அளிக்குந் திட்டம் இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டளவில் நாடெங்கும் பரவிற்று. அங்கே ஆப்பிள் எனின், இங்கே கொய்யா. உயிர்ச்சத்து சி ஆரஞ்சினும் கொய்யாவில் மிகுதி. நெல்லியிலும் அது நிறைய உண்டு. கண்ணொளிக்கு வேண்டுஞ் சத்தைப் பப்பாளியும் மாம்பழமும் தரும். இவை நம் தோட்டத்திலேயே விளைவன.

இனி எம் வேண்டுகோள். நூறு பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றை எடுத்துக்கொள்வோம். தொடக்க வகுப்புகட்கு ஆண்டில் 200 வேலைநாள். அஃதாவது நாற்பது வாரம். நம் சங்கத்துக் குடும்பங்கள் நாற்பது முன்வந்து, குடும்பத்திற்கு ஒரு வாரம் ஏற்பின், ஒருவர் பங்கு 500 பழமே. ஒரு திருமண விருந்தில் இலையோடு எறியப்படுவதை எண்ணுங்கால் இஃதொரு பெருஞ்செலவோ? தலைமையாசிரியரிடம் ஒப்புதல் பெற்று, நன்கு கழுவி, அழுகலின்றி அளித்தல் வேண்டும்.

"நம் குலப் பிள்ளைகட்கு மட்டும் கொடுப்போம்" என்று சிலர் எம்மிடம் கூறினர். அன்பர்காள்! அது தகாது. உண்ணுமிடத்தில் வேற்றுமை காட்டியதனால் சேரன்மாதேவிக் குருகுலத்தில் விளைந்த பூசலைத் தமிழ்நாடு மறவாது. ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் இரு பிள்ளைகளுள் ஒன்றுக்குக் கொடுத்து மற்றொன்றைப் பார்த்திருக்கச் செய்தல் அறமாகாது. கொடுப்பின் வகுப்பு முழுமைக்குங் கொடுப்போம், இல்லையேல் கொடாதிருப்போம்.

அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தானுண்ணாது ஔவைக்கீந்தான் அதியமான். அவன் புகழ் இன்றும் நிற்பது போர் வென்றமையால் மட்டுமன்று. நாம் அவ்வளவு அரிய கனியைத் தேட வேண்டுவதில்லை. கூடையிலுள்ள கொய்யாவே போதும். அடுத்த ஆண்டு யாம் முக்கனி யாவையென வினவுங்கால், அச்சிறுமி பெயரோடு சுவையையுஞ் சொல்லல் வேண்டும். முதல் வாரத்தை எம் குடும்பம் ஏற்கின்றது. எஞ்சிய முப்பத்தொன்பது வாரங்கட்கு உரியோர் இவ்வவையிலேயே பெயர் தர வேண்டுகின்றோம்.