விடுமுறை விடுதிகள்: கொடுத்த காசுக்கு உண்டா?

(சங்கத்தின் நாக்பூர் கிளைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் கிளையைச் சேர்ந்த ஒரு பிள்ளை என்னிடம் வந்தான். கல்யாணமாகி ஆறு வருஷம், கையில் ஒரு குழந்தை. "மாமா, ஒரு ரிசார்ட் கம்பெனியில் மெம்பராகச் சேரச் சொல்கிறார்கள். 25 வருஷத்துக்கு வருஷா வருஷம் ஏழு நாள் தங்கலாமாம். நீங்கள் பாங்கில் இருந்தவர், இதில் மெம்பராகவும் இருந்தவர். சேரலாமா, வேண்டாமா?" என்று கேட்டான். வாசற்படியில் நின்றபடி ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. கூட்டத்தில் சொல்கிறேன், எல்லோருக்கும் உபயோகப்படட்டும் என்றேன். செயலாளர் அதையே பிடித்துக்கொண்டு இன்று என்னை மேடை ஏற்றிவிட்டார்.

முதலில் நான் எப்படி இதில் மாட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2012ஆம் வருஷம், இங்கே ஒரு பொருட்காட்சியில் என் ஆத்துக்காரி ஒரு கூப்பனில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டாள். பத்து நாள் கழித்து போன் வந்தது. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. மூன்று பகல், இரண்டு இரவு, இலவசத் தங்கல். கணவன், மனைவி இரண்டு பேரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்" என்றார்கள். ஏன் இரண்டு பேரும் வரவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒருவர் மட்டும் போனால், "ஆத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடலாம் அல்லவா? அந்த வழியை முதலிலேயே அடைத்துவிடுகிறார்கள்.

ஒரு பெரிய ஹோட்டல் ஹாலில் மேஜை மேஜையாகக் குடும்பங்கள். எங்கள் மேஜைக்கு வந்த பையன் "அங்கிள், ஆன்ட்டி" என்று அவ்வளவு மரியாதையாகப் பேசினான். கடைசியாகக் குடும்பத்தோடு எப்போது வெளியே போனீர்கள், அதற்கு எவ்வளவு செலவாயிற்று, ஹோட்டல் வாடகை இன்னும் பத்து வருஷத்தில் எவ்வளவு ஏறும் என்று நம் வாயாலேயே பதில் வரவழைத்தான். நடுநடுவே ஏதாவது ஒரு மேஜையில் யாராவது கையெழுத்துப் போட்டால் மைக்கில் அறிவித்து எல்லோரும் கைதட்டுவார்கள். மூன்று மணி நேரம் ஆனபிறகு, "இந்தத் தள்ளுபடி இன்றைக்கு மட்டும்தான்" என்றான். என் ஆத்துக்காரி மெதுவாக, "ஏன்னா, நாளைக்குச் சொல்றோம்னு சொல்லுங்களேன்" என்றாள். முப்பது வருஷம் பாங்கில் கடன் மனுக்களை அலசிப் பார்த்த நான், "உனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டரை லட்ச ரூபாய். 9 சதவீத வட்டியில் இருந்த டெபாசிட்டை உடைத்துக் கட்டினேன்.

இந்த ஏற்பாடு ஒன்றும் நம் நாட்டில் பிறந்ததல்ல. 1960களில் பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் ஆரம்பித்து, அமெரிக்காவில் பரவி, 1980களில் இந்தியாவுக்கு வந்தது. ஒரு விடுதியில் ஓர் அறையை வருஷத்தில் ஐம்பத்துச் சொச்சம் வாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்தையும் ஒரு குடும்பத்துக்கு விற்பது என்பதுதான் மூலக் கருத்து. இப்போது குறிப்பிட்ட அறை, குறிப்பிட்ட வாரம் என்பதெல்லாம் பெரும்பாலும் போய், எந்த ஊர் விடுதியிலும் காலி இருந்தால் தங்கலாம் என்று மாறியிருக்கிறது. வருஷத்தைப் பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வைத்து, கூட்டமுள்ள பருவத்துக்கு அதிக விலை வைக்கிறார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். அந்தப் பையன் காகிதத்தில் போட்டுக் காட்டியது இது: 25 வருஷம், வருஷத்துக்கு ஏழு இரவு, ஆக 175 இரவு. இரண்டரை லட்சத்தை 175ஆல் வகுத்தால் ஓர் இரவுக்கு சுமார் 1,430 ரூபாய். "மலைவாசஸ்தலத்தில் இந்த விலைக்கு எங்கே அங்கிள் அறை கிடைக்கும்?" என்றான். வகுத்தல் சரிதான். ஆனால் அதில் இரண்டு இனங்கள் விட்டுப்போயிருந்தன.

ஒன்று, வருஷாந்திரப் பராமரிப்புக் கட்டணம். முதல் வருஷம் 10,000 ரூபாய். ஏழு இரவுக்குப் பங்கிட்டால் இதுவே இன்னொரு 1,430 ரூபாய். இரண்டாவது, நான் உடைத்த டெபாசிட்டின் வட்டி. இரண்டரை லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வருஷம் 22,500. கட்டணத்தையும் வட்டியையும் கூட்டினால் 32,500. ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு 4,640 ரூபாய். டெபாசிட்டாக இருந்தால் அசல் திரும்பி வரும். இதில் 25 வருஷம் கழித்து அசலும் இல்லை. இதைக் கணக்குப் போட ஒரு பாங்க் அதிகாரிக்கு ஐந்து நிமிஷம் போதும். கைதட்டல் சத்தத்தில் எனக்கு அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

கட்டணமும் அதே இடத்தில் நிற்கவில்லை. வருஷம் சுமார் 7 சதவீதம் ஏறியது. 7 சதவீதம் என்பது காதுக்குச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் பத்து வருஷத்தில் தொகை இரட்டிப்பாகிவிடும். 2024இல் கட்டணம் 22,500. அதற்குமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 26,550. போனாலும் கட்டவேண்டும், போகாவிட்டாலும் கட்டவேண்டும். அசலை மறந்துவிட்டு இதை மட்டும் ஏழால் வகுத்தாலே ஓர் இரவுக்கு 3,800 ரூபாய் வருகிறது.

சரி, எத்தனை இரவு தங்கினோம்? 2012 முதல் 2024 வரை 13 வருஷத்தில் 91 இரவு எங்களுக்குப் பாத்தியதை. என் நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன், தங்கியது 38 இரவு. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தோதான நாள் மே மாதம். எல்லோருக்கும் அதுதான் தோது. விடுதி அறையைப் பல மாதங்கள் முன்னாலேயே பதிவு செய்யவேண்டும். ரயில் டிக்கெட்டோ அந்நாளில் 120 நாள் முன்னால்தான் கிடைக்கும். 2024 நவம்பர் முதல் அதுவும் 60 நாளாகிவிட்டது. அறை கிடைத்தால் டிக்கெட் இல்லை, டிக்கெட் கிடைத்தால் பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்கு லீவு இல்லை. 2020இல் லாக்டவுன். மீந்த நாட்களை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் ஒரு வரம்பு உண்டு.

இந்த 13 வருஷத்தில் கட்டணமும் வரியுமாகக் கொடுத்தது சுமார் 2,35,000. அசலில் 13 வருஷப் பங்கு 1,30,000. ஆக 3,65,000. இதில் வட்டியைச் சேர்க்கவே இல்லை. 91 இரவும் தங்கியிருந்தால் ஓர் இரவு 4,000 ரூபாய். தங்கிய 38ஆல் வகுத்தால் 9,600 ரூபாய். சாப்பாடு தனி. திட்டம் ஒன்றுதான். முழுக்க உபயோகிக்கிறவனுக்கு 4,000, என்னைப் போன்றவனுக்கு 9,600.

இதைக் கேட்டு அந்த இடங்கள் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். 2014 மே மாதம் கொடைக்கானலில் ஏழு நாள் இருந்தோம். என் அம்மா, நாங்கள் இருவர், பிள்ளை, நாட்டுப்பெண், பெண், மாப்பிள்ளை, இரண்டு பேரக் குழந்தைகள். அறைகள் சுத்தம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டவுடன் கொண்டுவந்தார்கள். அம்மா வெங்காயம், பூண்டு தொடமாட்டாள். முதல் நாள் வெறும் தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டாள். மறுநாள் சமையற்காரர் தாமாகவே வந்து விசாரித்து, தனியாக ஒரு ரசம் வைத்துக் கொடுத்தார். சாயங்காலம் வராந்தாவில் அம்மா கொள்ளுப்பேத்திக்குச் சோழியில் அஞ்சாங்கல் சொல்லிக்கொடுத்தாள். யாரும் சமைக்கவேண்டாம், பாத்திரம் தேய்க்கவேண்டாம். என் ஆத்துக்காரி முப்பத்தைந்து வருஷத்தில் ஏழு நாள் சேர்ந்தாற்போல் அடுக்களைக்குள் போகாதது அந்த ஒரு தடவைதான். அந்த ஏழு நாளுக்கு எந்த விலையும் தகும் என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை இன்று சொல்லாவிட்டால் நான் எழுந்து நின்றதற்கே அர்த்தமில்லை.

அம்மா பிறந்த ஊர் கொள்ளிடக் கரையில், திருவையாறு பக்கம் ஒரு கிராமம். குலதெய்வமும் அங்கேதான். வருஷா வருஷம், "ஒரு தடவை ஊருக்கு அழைச்சிண்டு போடா" என்பாள். நானும் ஒவ்வொரு வருஷமும், "அம்மா, ரிசார்ட்டுக்குப் பணம் கட்டியாச்சு. அதை விட்டுட்டு ஊருக்குப் போனா அந்தப் பணம் வேஸ்ட். இந்த வருஷம் அதை முடிச்சுடுவோம், அடுத்த வருஷம் ஊருக்குப் போகலாம்" என்பேன். பாதி வருஷங்களில் ரிசார்ட்டுக்கும் போகவில்லை, ஊருக்கும் போகவில்லை. அம்மா கோபித்துக்கொள்ளமாட்டாள். "பணம் கட்டியாச்சுன்னா சரிடா" என்று விட்டுவிடுவாள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை போய், அங்கிருந்து தஞ்சாவூர் போய், ஒரு காரும் வைத்துக்கொண்டால் நாலு பேருக்கு முப்பதாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

2021 ஜனவரியில் அம்மா காலமானாள். 2022இல் நாங்கள் இருவர் மட்டும் அந்த ஊருக்குப் போனோம். குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மாவின் நட்சத்திரம் வாய்வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

கம்பெனியை நான் குறை சொல்லவில்லை. முன்னாலேயே கொடுத்துவிட்ட பணம் நாம் எங்கே போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஆரம்பித்துவிடுகிறது. போன பணம் போனதுதான். இந்த வருஷம் எங்கே போனால் நல்லது என்று தனியாக யோசித்திருக்கவேண்டும். வராக் கடன் பின்னால் நல்ல பணத்தை அனுப்பாதே என்று பாங்கில் எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன்! ஆத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

இப்போது அந்த மெம்பர்ஷிப் என்னிடம் இல்லை. பிள்ளை பெயருக்கு மாற்றிவிட்டேன். அவன் பெங்களூர்வாசி. குடகு, ஊட்டி, வயநாடு எல்லாம் காரில் ஒரு பகல் தூரம். ரயில் டிக்கெட் கவலை இல்லை. கூட்டமில்லாத மாதங்களில் இரண்டு நாள், மூன்று நாள் என்று பிரித்து ஏழு இரவையும் தீர்த்துவிடுகிறான். எனக்கு நஷ்டமான அதே காகிதம் அவனுக்கு லாபம்.

ஆகவே, கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கும், உங்களுக்கும் சில வார்த்தைகள்.

கையெழுத்துப் போடுமுன், கடந்த ஐந்து வருஷத்தில் சொந்தச் செலவில் எத்தனை இரவு உல்லாசப் பயணமாக வெளியூரில் தங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கல்யாணம், உபநயனம், க்ஷேத்திராடனம் எல்லாம் கணக்கில் சேராது. வருஷத்துக்கு ஏழு வந்தால் மேலே யோசியுங்கள். மூன்றுதான் என்றால் அந்தந்த வருஷம் பணம் கொடுத்துத் தங்குவதே லாபம். நமக்குச் சிக்கல்தராவில் மகாராஷ்டிர அரசின் சுற்றுலா விடுதியும், பச்மடியில் மத்தியப் பிரதேச அரசின் விடுதிகளும் இருக்கின்றன. பாங்கிலோ ரயில்வேயிலோ வேலை பார்ப்பவர்கள் தங்கள் ஹாலிடே ஹோம் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய்வரை உள்ள ஹோட்டல் அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான்.

கடன் வாங்கி, தவணை கட்டி விடுமுறை வாங்காதீர்கள். வருஷக் கட்டணம் எவ்வளவுவரை ஏறலாம், கட்டத் தவறினால் என்ன ஆகும், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற நாலையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம் என்று சட்டமே இருக்கிறது. இங்கே இந்த வியாபாரத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் நமக்குக் கதி. வாய்வார்த்தை காகிதத்தில் ஏறாது.

ஏற்கெனவே சேர்ந்து தகராறில் இருப்பவர்கள் சோர்ந்துவிடவேண்டாம். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணமே இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். அதற்குமுன் 1915 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் பேசிப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. ஆத்தில் வயதானவர்கள் இருந்தால், இந்த வருஷம் எங்கே போகலாம் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஊருக்கு டிக்கெட் வாங்குங்கள். ரிசார்ட் எங்கேயும் ஓடிப்போகாது.