போட்டு வாறன்

(கேளம்பாக்கத்தில் நம் ஆதரவாளர் கூடுகையில், ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



மூன்று மாதம் யாழ்ப்பாணத்தில் செய்த வேலையைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். வேலையைக் காட்டிலும், அந்த ஊரிடம் விடைபெற்றதுதான் இன்னும் என் மனதில் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தை வெளிநாடு என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறார்கள், அவ்வளவுதான். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், பலாலியில் இறங்கிவிடலாம். கடைப் பலகை தமிழ், சந்தையில் தமிழ். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தபோது, நம் கோவளம் சாலையில் நிற்கிறோமோ என்று தோன்றியது. பாஷை தெரிந்த இடம், கஷ்டம் இராது என்று நினைத்தே போனேன்.

மானிப்பாய்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். வயதானவர்களைப் பராமரிக்க எட்டுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. இரண்டாம் வாரம், படுக்கையிலிருந்த ஆச்சி ஒருவர் என் கையைப் பிடித்து, "மிஸ்ஸி, சத்தி வருது" என்றார். அங்கே நர்சை மிஸ்ஸி என்பார்கள். சக்தி வருகிறதாம், தெம்பாகிவிட்டார் என்று எண்ணி, "ரொம்ப நல்லது ஆச்சி" என்று தட்டிக்கொடுத்தேன். அடுத்த நிமிடம் என் புடவையெல்லாம் வாந்தி. அங்கே சத்தி என்றால் வாந்தி!

சிரிக்கிறீர்கள், பிறகு நானும் சிரித்தேன். ஆனால் மல்லாந்து படுத்திருந்தவரை நான் ஒருக்களித்துத் திருப்பவில்லை. மூச்சுக்குழலில் போயிருந்தால்? பக்கத்தில் நின்ற பயிற்சிப் பெண் பாய்ந்து வந்து திருப்பிப் பிடித்தாள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அந்த நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவளும் நான்தான்.

அன்று மாலை அவள் தன் கொப்பியைக் காட்டினாள். நோட்டுப் புத்தகத்துக்கு அங்கே அதுதான் பெயர். இடது பக்கம் என் சொல், வலது பக்கம் அவர்கள் சொல். தலைவலி, தலையிடி. ஜலதோஷம், தடிமன். மாத்திரை, குளிசை. வலிக்கிறது, நோகுது. முதல் நாளிலிருந்தே நான் வகுப்பு முடித்துப் போன பின்பு, மற்ற ஏழு பேருக்கும் அவள் அதைப் பார்த்துத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

உங்கள் காணிக்கையில் சென்னையில் அச்சடித்துக் கொண்டுபோன பாடத்தாள்களில் பாதி அங்கே உதவவில்லை. கொடுத்தவர்களிடம் இதை மறைக்கக் கூடாது. மீதிப் பணத்தில், அந்த எட்டுப் பேரும் திருத்தியபடி மறுபடி அச்சடித்தோம்.

அதே மானிப்பாயில்தான் டாக்டர் சாமுவேல் கிறீன் ஊழியம் செய்தார். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊர்க்காரர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அவர் பெயரில் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. முதலில் ஆங்கிலத்தில்தான் வைத்தியம் கற்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தவர்கள் தங்கள் ஊரிலேயே இருந்து ஜனங்களுக்கு வைத்தியம் செய்வார்கள் என்பது அவர் எண்ணம். மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு பாடநூல்களைத் தமிழாக்கினார். நான் மூன்று மாதத்தில் தடுக்கி விழுந்து கண்டதை அந்த மனுஷர் எப்போதோ கண்டிருக்கிறார்!

1873இல் உடல்நலம் கெட்டுக் கப்பலேறினார். பிறகு திரும்பி வரவே இல்லை. ஆனால் வூஸ்டரிலிருந்தபடியே தமிழ் வைத்திய நூல்களுக்காக உழைத்தார். 'கெமிஸ்தம்' 1875இல் வந்தது. 'மனுஷ சுகரணம்' 1883இல். அடுத்த வருஷம் மரித்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று கல்லறையில் பொறிக்கும்படி அவரே கேட்டிருந்தார், அப்படியே பொறித்தார்கள். எனக்கு அந்தக் கல்லைவிட 1883 என்ற வருஷம்தான் பெரிதாகப் படுகிறது. ஊரை விட்டுப் பத்து வருஷம் ஆன பிறகும் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பாடத்தைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் கோட்டைப் பக்கம் பண்ணைக் கடலோரம் நடந்தேன். மறுநாள் என்ன சொல்லி விடைபெறுவது என்பதே யோசனை. நாம் "போயிட்டு வரேன்" என்போம். அவர்கள் "போட்டு வாறன்" என்பார்கள். வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அந்த இல்லத்தில் இருப்பவர்கள் அந்த வார்த்தையை ஏற்கெனவே கேட்டவர்கள். போர்க்காலத்தில் கனடாவுக்கும் லண்டனுக்கும் போன பிள்ளைகள் வாசலில் நின்று சொன்னது அதுதான். எனக்கோ அறுபத்தாறு வயது. முழங்கால் வேறு இப்படி. நானும் அதைச் சொல்லலாமா?

காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போனேன். ஒடியல் ஒரு பொட்டலம், பனங்கட்டி இரண்டு குட்டான் கொடுத்தார்கள். அந்த ஆச்சியிடம் வந்ததும் வாய் வரவில்லை. அவரே கேட்டார்: "எப்ப வருவியள்?" தெரியவில்லை ஆச்சி என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்திருந்துவிட்டு, "வராட்டிலும் பரவாயில்லை பிள்ளை, போன் எடுங்கோ" என்றார்.

சனிக்கிழமை தோறும் போன் செய்கிறேன். நான் "என்ன செய்யுது ஆச்சி?" என்று கேட்டால், என் பேச்சைக் கேட்டுப் பின்னால் அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள்.

அவளுடைய கொப்பியை ஞாபகமாகத் தருவாள் என்று எதிர்பார்த்தேன். "அது எங்களுக்கு வேணும் ரீச்சர்" என்று சொல்லி, நகல் எடுத்துக் கொடுத்தாள். இதோ இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை பேச எனக்கு அது வேண்டும்.