எந்த லினக்ஸ்னு அப்புறம் பாக்கலாம்

போன வீடியோவுக்கு வந்த கமெண்ட்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிறுத்திட்டாங்க, என் மெஷின்ல 11 ஏற மாட்டேங்குது, எந்த லினக்ஸ் போடலாம்?" ஐயா, அம்மா, அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, உங்க வீட்டுல யார் அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன பண்றாங்க? இதைப் போன தடவையும் சொன்னேன். யாரும் காதுல வாங்கினதாத் தெரியல.

புதுசா வந்தவங்களுக்காக ரெண்டு வரி. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. பதிவு பண்ணிக்கிட்டா பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் உண்டு. 11 போடணும்னா டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு வசதி இருக்கணும், இன்டெல்லா இருந்தா பெரும்பாலும் எட்டாவது தலைமுறை ப்ராசசராவது இருக்கணும். அதுக்கு முந்தின மெஷின், எவ்வளவு நல்லா ஓடினாலும் கணக்குல இல்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். எங்க அக்கா வீட்டுல மூணு மெஷின். மாமாகிட்ட "என்னென்ன சாஃப்ட்வேர் யூஸ் பண்றீங்க மாமா?"ன்னு கேட்டேன். "பேங்க்"ன்னார். அப்புறம்? "கரண்ட் பில்." ப்ரவுசர்ங்கற பேரே அவருக்குத் தெரியாது. டெஸ்க்டாப்ல இடது பக்கம், மேல இருந்து மூணாவது படம் பேங்க். அதுக்குக் கீழ கரண்ட் பில். அவ்வளவுதான் அவரோட கம்ப்யூட்டர். அவரைப் போய் மின்ட் லினக்ஸா உபுண்டு லினக்ஸான்னு கேட்டா என்ன சொல்வார் பாவம்? அதனால கேக்காதீங்க. ஒரு நாள் சாயங்காலம் பின்னாடி சேர் போட்டு உக்காந்து பாருங்க. வாய் சொல்லாததைக் கை சொல்லிடும்.

பாத்தாச்சா? இப்பவும் லினக்ஸ் போடாதீங்க! விண்டோஸ்லயே ஃபயர்ஃபாக்ஸ் போடுங்க, லிப்ரே ஆபீஸ் போடுங்க, விஎல்சி போடுங்க. ஒரு மாசம் அதுலயே புழங்கட்டும். "என் ஃபைல்ல டேபிள் நகந்துடுச்சு", "புக்மார்க் எங்க"ங்கற புலம்பல் எல்லாம் அப்பவே வந்துடும், நீங்களும் ஒண்ணொண்ணா சரி பண்ணிடலாம். அதுக்கப்புறம் லினக்ஸ் போட்டா அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே லிப்ரே ஆபீஸ். மாமாவுக்கு அதே இடத்துல அதே ரெண்டு ஐகானை வெச்சுக் குடுத்தேன். கீழ பட்டையோட கலர் மாறியிருக்குன்னார், வேற ஒண்ணும் கேக்கல. எல்லாத்தையும் ஒரே ஞாயித்துக்கிழமைல மாத்தினீங்கன்னா, நகந்த டேபிளுக்கும் லினக்ஸைத்தான் திட்டுவாங்க, உங்களையும் சேத்து. திரும்பச் சொல்றேன், முதல்ல ப்ரோகிராம், அப்புறம்தான் ஓஎஸ்.

"டேலி ஓடுமா?" கடை வெச்சிருக்கற ஒருத்தர் கேட்டிருக்கார். டேலி விண்டோஸுக்குன்னே எழுதினது. லினக்ஸ்ல விண்டோஸ் ப்ரோகிராமை ஓட்டற 'ஒயின்'ங்கற சாஃப்ட்வேரைப் போட்டு ஓட்டறேன்னு வித்தை காட்டறவங்க இருக்காங்க. உங்க ஜிஎஸ்டி கணக்கை வெச்சு அந்த வித்தை வேணாம். அந்த மெஷினை விண்டோஸ்லயே விடுங்க. வீட்டுல இருக்கற எல்லாத்தையும் மாத்தியே ஆகணும்னு யார் சொன்னது? அக்கா பொண்ணு லேப்டாப்ல காலேஜுக்கு ஆட்டோகேட் வேணும், அதுல நான் கையே வெக்கல. வாலரன்ட் விளையாடற தம்பிங்களுக்கும் இதே பதில்தான்.

"தமிழ் டைப்பிங்?" இருக்கு. லினக்ஸ்ல டைப்பிங்குக்கு இருக்கற ஐபஸ்ல தமிழ்99, ஃபொனடிக், பழைய டைப்ரைட்டர் எல்லாமே கிடைக்கும். பாமினில அடிச்ச பழைய ஃபைல் இருந்தா அந்த ஃபான்ட் ஃபைலையும் காப்பி பண்ணிப் போட்டுக்கங்க, இல்லேன்னா எழுத்தெல்லாம் கன்னாபின்னான்னு இங்கிலீஷ்ல தெரியும்.

"லினக்ஸ்னாலே பயமா இருக்கு"ன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அம்மா, 2011-ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? அப்போ வந்த பல மெஷின்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேந்தே வந்துச்சு. நம்ம சி-டாக் பண்ணினது. பல வீட்டுல அதைத் திறந்துகூடப் பாத்திருக்க மாட்டாங்க. அக்கா வீட்டு மூணாவது மெஷின் அதுதான். 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டு, மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப் இருக்கறதைப் போட்டேன். அந்த மாதிரி பழைய மெஷினுக்கு எஸ்எஸ்டி இல்லாம எந்த ஓஎஸ் போட்டாலும் நொண்டும்.

லினக்ஸ் போடறதுக்கு முன்னாடி பேக்கப் எடுங்க, வெளி டிஸ்குல. காப்பி பண்ணினதை வேற ஒரு கம்ப்யூட்டர்ல திறந்தும் பாருங்க. டிஸ்கைப் பூட்டற பிட்லாக்கர் போட்டிருந்தா ரெகவரி கீயை முதல்ல எழுதி வெச்சுக்கங்க, அது இல்லாம அந்த டிஸ்கை லினக்ஸ்ல இருந்து படிக்க முடியாது.

அப்புறம், 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணுல மின்ட்டை ஏத்தி அதுலயே பூட் பண்ணுங்க. "இன்ஸ்டால்"னு இருக்கற ஐகானைத் தொடாத வரைக்கும் உங்க டிஸ்குல இருக்கறது அப்படியே இருக்கும். பென்டிரைவ்ல இருந்து ஓடறதால கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. சவுண்ட், கேமரா, வைஃபை மூணும் வருதான்னு பாருங்க. வைஃபை வரலேன்னா ஃபோனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் போட்டு டிரைவர் இறக்கிக்கலாம்.

பிரிண்டர்தான் கொஞ்சம் வம்பு. ஹெச்பி பெரும்பாலும் மாட்டினதும் வேலை செய்யும். பழைய லேசர் பிரிண்டர்ல சிலது அடம் பிடிக்கும். அதுக்குத் தனியா ஒரு வீடியோ போடறேன். பிரிண்டருக்குப் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் பாருங்க, அதுல இருக்கற மாடல் நம்பரை முழுசா கமெண்ட்ல போடுங்க. "கறுப்புக் கலர் பிரிண்டர்"னு மட்டும் எழுதாதீங்க, தயவுசெஞ்சு.