வாயில்லாச் சீவனின் மொழி
(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விஞ்ஞானத்தையும் தமிழையும் ஒருசேரக் கற்றுத் தேர்ந்த விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டில் பிறந்த ஊர் இது. ஒரு கல்வி மற்றொரு கல்விக்குக் கைகொடுக்கும் என்பதைக் காரைதீவு மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வாறே, பிராணிகளின் நடத்தையை ஆராயும் கல்வியும் மிருக வைத்தியமும் இணைந்து நிற்பதைப் பற்றியே இன்று பேச முற்பட்டோம்.

எம் வீட்டில் ஒரு நாய் இருந்தது. எட்டு ஆண்டுகள் சாதுவாயிருந்த அது, ஒருநாள் தலையைத் தடவிய குழந்தையைப் பார்த்துச் சீறிப் பாய்ந்தது. "குணம் கெட்டுவிட்டது, எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுவோம்" என்றே நாமும் தீர்மானித்தோம். நல்லவேளையாக, அதற்கு முன் மிருக வைத்தியரிடம் காட்டினோம். காதினுள்ளே பெரும் புண்! புண் ஆறியதும் பழைய நாய் திரும்பி வந்தது. கெட்டது நாயின் குணமன்று; நோவைக் கண்டறியாத எமது அறிவே.

பேசத் தெரியாத சீவனுக்கு நடத்தையே மொழி. பூனை கண்ட கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால் அது குறும்பென்று அடிக்கின்றோம், சிறுநீர்ப்பையில் நோயிருக்கலாம். கிழநாய் கூப்பிட்டும் வராவிட்டால் பிடிவாதம் என்கின்றோம், செவி மங்கியிருக்கலாம்.

இம்மொழியை அறியாமை உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. விசர்நாய் என்றால் வெறிகொண்டு ஓடிக் கடிப்பதென்றே பலர் எண்ணுகின்றனர். இந்நோயின் இன்னொரு வகையில், நாய் தாடை தொங்கி, எச்சில் வடித்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிற்றென்று இரங்கி வாயினுள் கை விடுவோர் பேராபத்துக்கு உள்ளாவர். குறிகள் தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைத்தல் மிக அரிது. ஆயினும், 1885இல் பாஸ்ரர் தொடக்கி வைத்த தடுப்பூசி முறையினால் இதனை முன்கூட்டியே தடுக்கலாம். கடிபட்டால் உடனே சவுக்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கடித்தது வீட்டு நாயாயின் அடித்துக் கொல்லாது, பத்திரமாகக் கட்டிவைத்து இரு வாரம் அதன் நடத்தையைக் கவனிக்க வேண்டும். அக்கவனிப்பும் வைத்தியருக்கு உதவும். ஆனால், அதற்காகச் சிகிச்சையைப் பிற்போடலாகாது.

வைத்தியத்துக்கும் நடத்தை அறிவு வேண்டும். அஞ்சி நடுங்கும் பிராணியின் இதயம் விரைந்து துடிக்கும், உடற்சூடும் ஏறும். அந்நிலையில் நோயை அளப்பது எங்ஙனம்? ஆகவே, குட்டியாயிருக்கும்போதே காதையும் வாயையும் காலையும் தொட்டுப் பழக்குங்கள். பிறந்து மூன்றாம் வாரம் முதல் மூன்று மாதம் வரையுள்ள காலமே உலகோடு பழக ஏற்ற பருவம். சீனவெடிக்கு அளவுகடந்து அஞ்சும் நாய்க்கு மருந்து உண்டு. ஆயினும் மருந்தோடு பொறுமையான பழக்கமும் வேண்டும். அடியோ அச்சத்தை வளர்க்கும். அச்சம் கடியை வளர்க்கும்.

இக்கல்வியின் பெருமையை உலகமும் ஒப்பியுள்ளது. பிராணிகளின் நடத்தையை ஆராய்ந்த லோரன்ஸ், ரின்பேர்கன், பிரிஷ் ஆகிய மூவருக்கும் 1973இல் வைத்தியத்துக்கான நொபெல் பரிசே வழங்கப்பட்டது.

இளைஞர்களே! தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமர் மறுத்தார் என்று மகாபாரதம் கூறும். வைரவரின் வாகனமென்று நாயைக் கோயிலிலே வணங்கிவிட்டு, வேண்டாத குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையோரம் விடுவது எவ்வகை அறம்? கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்தல் அதனினும் மேலான சீவகாருண்ணியம். நம் வளவு நாய்க்கு ஊசி போடுவது நம் பிள்ளைகளை மட்டுமன்று, அயலூர் முஸ்லிம் சகோதரரின் பிள்ளைகளையும் காக்கும். நாய்க்கு ஊரெல்லை தெரியாதல்லவா?

இன்று வீடு திரும்பியதும், வாசலில் வாலாட்டும் அச்சீவனைச் சற்று நின்று கவனியுங்கள். அது ஏதேனும் சொல்லக்கூடும்.