இணையவழிச் சதுரங்க அணியில் இடம் பெறுவது எப்படி?

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் மேடையில் ஒரு தலைமையாசிரியன் தேர்வைப் பற்றியோ உதவித்தொகையைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். அதற்குக் காரணமானவன் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பயிலும் ஒரு மாணவன். கைபேசியில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கேட்டான்: "ஐயா, இணையத்தில் அணி அணியாக லீக் ஆடுகிறார்களாம். நானும் சேரலாமா? சேரும்போது எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார்களா?"

முதல் வினா ஆட்டத்தைப் பற்றியது. இரண்டாம் வினா நம் வரலாற்றைப் பற்றியது. இரண்டிற்கும் விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

அணியில் இடம் என்பது நம்மவர்க்கு எளிதில் கிடைத்ததன்று. 1876-ல் பிறந்த பல்வங்கர் பாலூ இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் தோன்றியவர். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர். ஆயினும் புனேயில் அவர் பந்துவீச்சை நம்பி ஆடியவர்களே, தேநீர் இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் தேநீர் கொடுத்தனர். இந்து அணியின் முறையான தலைமைப் பொறுப்பு அவருக்கு வழங்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-ல் அவ்வணியின் தலைவரானார். நான் பயின்ற காலத்தில் கைப்பந்துத் திடலில் எனக்குக் கிடைத்த இடமும் எல்லைக்கோட்டுக்கு வெளியேதான். பந்து எடுத்துக் கொடுக்கும் இடம். ஆதலின் அம்மாணவனின் வினா சிறுபிள்ளை வினா அன்று.

அவனுக்கு நான் கூறிய விடை இது: "கேட்கமாட்டார்கள். ஆனால் வேறு மூன்றைக் கேட்பார்கள். உன் ஆட்டம், உன் நேரம், உன் நேர்மை."

முதலாவது, ஆட்டம். லிச்செஸ் என்னும் சதுரங்கத் தளத்தை 2010-ல் பிரெஞ்சு நாட்டு நிரலாளர் ஒருவர் தொடங்கினார். கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு புனைபெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் இருந்தால் கணக்குத் தொடங்கலாம். தொடக்கத்தில் 1500 என்று ஒரு தரப்புள்ளி தருவார்கள். அதன் அருகே ஒரு கேள்விக்குறி இருக்கும். உங்கள் ஆற்றல் இன்னும் உறுதிப்படவில்லை என்பது அதன் பொருள். தொடர்ந்து ஆட ஆடக் கேள்விக்குறி நீங்கும். அணிப்போட்டிக்கு விண்ணப்பிக்கும் முன் அது நீங்கியிருத்தல் நலம். ஒரு நிமிட ஆட்டங்களை ஆடிக் குவிப்பதால் பயனில்லை. நிதானமாகச் சிந்திக்கும் நீண்ட ஆட்டங்களையே ஆடுங்கள். புள்ளி குறைந்தால் மனம் உடைய வேண்டா. அது உங்கள் மதிப்பு அன்று. அன்றைய ஆட்டத்தின் அளவே.

அடுத்து, தளத்திலுள்ள அணி ஒன்றில் சேருங்கள். சில அணிகளில் உடனே சேரலாம். சிலவற்றில் தலைவரின் இசைவு வேண்டும். அணிகள் மோதும் திறந்தவெளிப் போட்டிகளில் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. தொடர்ந்து இருமுறை வென்றவர்க்கு அடுத்த ஆட்டத்திலிருந்து, வெற்றி தொடரும்வரை, புள்ளி இரட்டிப்பாகும். அணியில் முன்னணியில் நிற்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரின் புள்ளிகளைக் கூட்டியே அணியின் நிலை கணிக்கப்படும். புதியவர்க்கு இதுவே தக்க பயிற்சிக் களம்.

இரண்டாவது, நேரம். லிச்செஸ் 4545 லீக் என்பது ஆர்வலர்களே நடத்தும் அணிப்போட்டி. ஒவ்வொருவர்க்கும் 45 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேலும் 45 விநாடி. அறுபது நகர்த்தல் நீளும் ஆட்டத்தில் ஒருவர்க்கு 90 நிமிடம். இருவர்க்கும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகக்கூடும். வாரம் ஒரு சுற்று. விண்ணப்பித்தவர்களின் தரப்புள்ளியை நோக்கி, வலிமை ஒத்த அணிகளாகப் பொறுப்பாளர்களே பிரிப்பார்கள். உடனே இடம் கிடைக்காதவர் மாற்று ஆட்டக்காரராகக் காத்திருக்கலாம். காத்திருப்பது இழிவு அன்று. ஒருவர் வர இயலாத வாரத்தில் அணியைக் காப்பவர் அவரே.

ஆட்டநேரத்தை எதிராளியுடன் எழுத்தில் பேசி முடிவு செய்வது உங்கள் கடமை. அங்குக் குறிக்கப்படும் உலகப் பொதுநேரத்துடன் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். அவர் மாலை 6 மணி என்றால் நமக்கு இரவு 11.30. பள்ளிக்குச் செல்பவர் அதற்கு இசைய வேண்டா. விடுமுறை நாளின் பகல் நேரத்தைப் பணிவுடன் கேளுங்கள். எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினால் போதும். ஒப்புக்கொண்டபின் வராதிருத்தல் மட்டும் கூடாது. தோற்றவனை அணி பொறுக்கும். சொல்லாமல் வராதவனைப் பொறுக்காது.

மூன்றாவது, நேர்மை. ஆடும்போது கணினியின் துணையை நாடுவதும், பிறர் கணக்கில் ஆடுவதும் விதிமீறல். கண்டறியப்பட்டால் கணக்கின்மேல் குறி விழும், அணிக்கும் களங்கம். போராடிப் பெற்ற இடத்தைக் களவாடிய நகர்த்தலால் இழக்கலாமா?

இனி நம் குறை ஒன்றையும் சொல்லவேண்டும். 2020 ஆகஸ்ட் 30 அன்று இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாடின் இறுதிப் போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. இணையத் தொடர்பு அறுந்ததால் நம் இளம் வீரர் நிஹால் சரினும் வீராங்கனை திவ்யா தேஷ்முக்கும் நேரம் தீர்ந்து ஆட்டத்தை இழந்தனர். முறையீட்டுக்குப்பின் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இரு நாடுகளுக்கும் தங்கம் அறிவித்தது. நாட்டின் அணிக்கே அந்நிலை என்றால், வீட்டில் ஒரே கைபேசியை மூவர் பகிரும் நம் பிள்ளைகளின் நிலை என்ன? அவர்களுக்காக முறையிட யார் இருக்கின்றார்கள்? இணையம் தெருவைக் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் இணையம் நம் தெருவுக்கு ஒழுங்காக வந்து சேரவேண்டும் என்பதும் உண்மை. வாயிலில் தடை இல்லை என்பதனால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது.

ஓர் எச்சரிக்கை. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தையும் அணிப்போட்டியையும் ஒன்றெனக் கருதாதீர்கள். 2025-ல் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமும் பண ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டை வேறாகப் பிரித்துக் காண்கிறது. 'ஆடிச் சம்பாதிக்கலாம்' என்று யாரேனும் பணம் கேட்டால், அது அணியும் அன்று, ஆட்டமும் அன்று, கடனுக்கு வழி.

நிறைவாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணி நேரம் ஒரு கணினியையும் தடையில்லாத இணையத் தொடர்பையும் பிள்ளைகளுக்கு ஒதுக்கித் தாருங்கள். பெண்பிள்ளைகளுக்கும் அதில் சம பங்கு இருக்கட்டும். மேற்பார்வைக்கு நானே வந்து அமர்கின்றேன். மூன்று மணி நேரம் என்று கேட்பதற்குக் காரணம், ஒரு லீக் ஆட்டம் முடிய அவ்வளவு நேரம் வேண்டும் என்பதே.

பாலூ வெளியே நின்று தேநீர் அருந்தினார். நான் வெளியே நின்று பந்து எடுத்துக் கொடுத்தேன். வினாக் கேட்ட அம்மாணவன் உள்ளே அமர்ந்து ஆடட்டும்.